நலங்கு மாவு, சீரம், சிவப்பழகு கிரீம், மெடிக்கல் டியூப்: டெல்டா வெயிலில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ கடைத்தெருவில் நடந்தால், ஒரே முகத்துக்காக மூன்று கடைகள் போட்டியிடுவதைப் பார்க்கலாம். நாட்டு மருந்துக் கடையில் நலங்கு மாவு, ஃபேன்சி ஸ்டோரில் ஃபேஸ் வாஷும் சீரமும், மெடிக்கலில் மருந்து டியூப். மூன்றுமே "முகம் பளிச்சென்று ஆகும்" என்றுதான் சொல்கின்றன. ஆனால் தோலுக்கு வெளியிலிருந்து நாம் செய்யக்கூடிய அன்றாட வேலை அழுக்கை எடுப்பது, ஈரத்தைக் காப்பது, வெயிலைத் தடுப்பது என்ற அளவில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பொருளையும் அந்த வேலையை வைத்தே அளந்து பார்க்க வேண்டும்.

அழுக்கை எடுப்பதில் தொடங்கலாம். நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது. அமிலமா காரமா என்பதைக் காட்டும் பிஎச் அளவு அதற்கு ஏறத்தாழ 5; எண் கூடினால் காரம் கூடும். வழக்கமான சோப்பின் பிஎச் 9 முதல் 10 வரை இருக்கும் என்பதால், அதைப் போட்டுக் கழுவியதும் முகம் இழுத்துப் பிடிப்பது போல இருக்கிறது. சோப்பு உறையில் டிஎஃப்எம் என்று ஒரு சதவீதம் அச்சிட்டிருப்பார்கள். இந்திய தரநிலைப்படி முதல் தரக் குளியல் சோப்புக்கு அது குறைந்தது 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. இந்த எண் சோப்பில் உள்ள கொழுப்புப் பொருளின் அளவைச் சொல்லுமே தவிர, முகத்துக்கு எவ்வளவு மென்மையானது என்பதைச் சொல்லாது. 'பாத்திங் பார்' என்ற பெயரில் டிஎஃப்எம் குறைவாக வரும் சில கட்டிகள் சோப்பே கலக்காமல் செய்யப்பட்டவை. அவை முதல் தரச் சோப்பைவிட மென்மையாக இருப்பதும் உண்டு. வாசனையில்லாத சாதாரண ஃபேஸ் வாஷும் அந்த வகைதான். முகத்தில் அரை நிமிடம் இருந்துவிட்டுத் தண்ணீரோடு போய்விடும் பொருளில் வைட்டமின் சி, தங்கத்துகள், குங்குமப்பூ என்று எதைச் சேர்த்தாலும் தோலுக்குள் இறங்குவது சொற்பமே. ஆகவே ஃபேஸ் வாஷில் விலை குறைந்ததே போதும் என்பது என் முடிவு.

பயத்தமாவு இதற்குச் சரியான மாற்றுதான். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் அதைவிட நல்ல பொருள் இல்லை என்றே சொல்வேன். சலிக்காத மாவின் கொரகொரப்பு பருவுள்ள முகத்தைக் கீறும், ஈரக் கை பட்ட டப்பாவில் பூஞ்சை பிடிக்கும் என்ற இரண்டையும் மட்டும் கவனித்தால் போதும்.

நலங்கு மாவின் கதை வேறு. கடைக்காரர் பொட்டலம் கட்டும்போது பார்த்தால் பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், ரோஜா இதழ் என்று ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு பிடி விழும். சில கடைகளில் அவற்றோடு கறுத்துச் சிறுத்த ஒரு விதையும் விழும். அதன் பெயர் கார்போக அரிசி. இந்த விதையில் சொராலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டபின் வெயில் பட்டால், தோல் வெயிலுக்குப் பல மடங்கு அதிகமாக எதிர்வினை காட்டும். வெண்புள்ளிக்குச் சொராலென் தந்து அளவாகப் புற ஊதா ஒளி காட்டும் சிகிச்சை இந்தக் குணத்தை வைத்துத்தான் நடக்கிறது. அந்த மாவைக் காலையில் முகத்தில் தேய்த்துக் குளித்துவிட்டுப் பத்து மணி வெயிலில் பேருந்துக்கு நிற்பவருக்கு, நிறம் கூடுவதற்குப் பதிலாகத் திட்டுத் திட்டாகக் கறுக்கலாம், கொப்புளமும் வரலாம். எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போவதும் இதே வழியில்தான் கெடுக்கிறது. இயற்கை என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் நாம் விசாரிப்பதை நிறுத்திவிடுகிறோம் என்பதே எனக்கு உள்ள பெரிய கவலை.

இதே கார்போக அரிசியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பாகுச்சியால் என்ற பொருள்தான் இன்று விலை உயர்ந்த சீரங்களில் 'ரெட்டினாலுக்கு இயற்கை மாற்று' என்று விற்கப்படுகிறது. ரெட்டினால் என்பது சுருக்கத்தைக் குறைக்கப் பூசும் வைட்டமின் ஏ வகைப் பொருள். 2019-இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று, 44 பேரிடம் 12 வாரம் இரண்டையும் ஒப்பிட்டு, சுருக்கத்தையும் கருமையையும் குறைப்பதில் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டது. ரெட்டினால் போட்டவர்களுக்கு எரிச்சலும் தோல் உரிதலும் கூடுதலாக இருந்தன. இது நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் 44 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதுவும் சுத்திகரித்த 0.5 சதவீதப் பாகுச்சியாலுக்குக் கிடைத்த பலன். சதவீதமே போடாத சீரத்துக்கோ பொட்டலத்தில் கிடைக்கும் விதைப் பொடிக்கோ அந்தச் சான்றிதழை மாற்றித் தர முடியாது.

ஈரம் காக்கும் பொருள்களில் நீண்ட விவாதம் தேவையில்லை. மார்கழி, தை மாதங்களில் கைகால் வெளுத்து வறண்டால் தேங்காய் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ கிளிசரின் சேர்ந்த மலிவான லோஷனோ போதும். 2004-இல் 34 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயும் மினரல் ஆயிலும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் வேலை செய்தன. பருவுள்ள முகத்தில் மட்டும் தேங்காய் எண்ணெயைத் தவிர்க்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் சித்திரை, வைகாசியில் பலருக்கு மாய்சரைசரே தேவைப்படாது.

காசு செலவழிக்கத் தகுந்த இடம் வெயில்தான். அங்கேதான் சன்ஸ்கிரீனும் சிவப்பழகு கிரீமும் நேருக்கு நேர் நிற்கின்றன. எஸ்பிஎஃப் என்ற வெயில் தடுப்பு எண் 15 உள்ள சன்ஸ்கிரீன் தோலைச் சுடும் புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 93 சதவீதத்தையும், 30 உள்ளது 97 சதவீதத்தையும், 50 உள்ளது 98 சதவீதத்தையும் தடுக்கும். முப்பதிலிருந்து ஐம்பதுக்குப் போகும்போது கிடைப்பது ஒரு சதவீதம். அதற்காக இருமடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆழமாக இறங்கும் கதிரைத் தடுக்கிறதா என்பதை 'பிஏ' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் உள்ள கூட்டல் குறிகள் சொல்லும். குறைந்தது மூன்று கூட்டல் குறிகள் இருக்க வேண்டும். கன்னத்தில் மங்கு விழுந்தவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியும் ஒளியே அதைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் பொருத்தமானது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் அட்டையில் போட்ட பாதுகாப்பு கிடைக்கும். அது ஏறத்தாழ ஒரு கிராம். 50 கிராம் டியூப் 500 ரூபாய் என்றால் ஒரு முறைக்குப் பத்து ரூபாய் ஆகிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்களிடம் இந்தக் கணக்கைச் சொல்வது நியாயமாகாது. தலையில் முக்காடாகப் போடும் துண்டும் முழுக்கைச் சட்டையும் வியர்வையில் கரையாத பாதுகாப்பு.

சிவப்பழகு கிரீம் இந்தப் பத்து ரூபாய்க்கு என்ன தருகிறது? பிறந்த நிறத்தை அதனால் மாற்ற முடியாது; வெயிலில் கூடிய கருமையைச் சற்றுக் குறைக்கலாம், அந்தக் கருமை கூடாமலேயே சன்ஸ்கிரீன் தடுக்கிறது. 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் குளோ அண்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டது. இன்று அட்டைகளில் 'சிவப்பு' இருந்த இடத்தில் 'பொலிவு', 'பிரகாசம்' என்ற சொற்கள் நிற்கின்றன. கறுத்த பெண்ணின் மனத்தில் குறையை ஊன்றிவிட்டு அதற்கு மருந்து விற்பதை நான் எந்தப் பெயரிலும் ஏற்க மாட்டேன்.

"அண்ணே, முகத்துக்கு நல்ல கிரீமா ஒண்ணு குடுங்க" என்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் டியூப்தான் இந்த வரிசையில் மிக வேகமாகப் பலன் காட்டுவது, மிக மோசமாகக் கெடுப்பதும் அதுவே. டியூபைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மோமெட்டசோன் 0.1 சதவீதம் என்று இருக்கும்; மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அங்கேயே அச்சாகியிருக்கும். மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் எல்லாம் ஸ்டீராய்டுகள். சில வாரங்களுக்கு முகம் வெளுத்து மின்னும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, ரத்தக் குழாய் தெரிய, பருவும் மீசை முடியும் வரும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காமல் மறுபடியும் அதையே தேட வைக்கும்.

கூத்தாநல்லூர், நாகூர் பக்கம் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் கிரீம் டப்பாக்களிலும் கவனம் வேண்டும். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021-க்கும் 2023-க்கும் இடையில் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு, அந்த நோயின் ஒரு தனி வகையைக் காட்டும் புரதக் குறியீடு தென்பட்டது. அந்தப் 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் போட்டவர்கள். தோலை வெளுக்க வைக்க இத்தகைய கிரீம்களில் சேர்க்கப்படும் பாதரசத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. நம் நாட்டு விதிப்படி அழகுப் பொருளில் தவறிக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இறக்குமதி செய்தவரின் முகவரியும் பதிவெண்ணும் இல்லாத டப்பாவை, கொடுத்தவர் சொந்த அத்தையாகவே இருந்தாலும், முகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

ஸ்டீராய்டு டியூபை ஏற்கெனவே பல மாதம் போட்டுவருகிறவர்கள் தாமாக ஒரே நாளில் நிறுத்தித் தவிப்பதைவிட, தஞ்சாவூர் அல்லது திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. போகும்போது அந்த டியூபையும், முகத்தில் போட்ட மற்ற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும்.