கேப்பர் மலையில் அறுந்த செயினும், அதற்குப் பிறகு போட்ட 11 கியர் செட்டும்

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிறு காலை, கடலூர் கேப்பர் மலையில் சிறைச்சாலையைத் தாண்டி முந்திரித் தோப்புப் பக்கம் ஏறும் செம்மண் பாதையில் என் மின்சார சைக்கிளின் செயின் அறுந்தது. மோட்டாரை முழு உதவியில் வைத்திருந்தேன். ஏற்றம் திடீரென்று செங்குத்தானதும் பெடலை அழுத்தியபடியே இரண்டு கியர் இறக்கினேன். 'டக்' என்று ஒரு சத்தம், கால் வெறுமனே சுற்றியது. 23 கிலோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மஞ்சக்குப்பம் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. முழங்கால் வலிக்காகத்தான் மின்சார சைக்கிளே வாங்கினேன். அன்று அந்த முழங்கால் என்னைத் தூங்க விடவில்லை.

சைக்கிள் இரண்டாம் கை. ஆரோவில்லில் இருந்து ஊர் திரும்பிய ஒருவரிடம் வாங்கியது. முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன், 29 அங்குலச் சக்கரம், பெடல்களைத் தாங்கும் கிராங்கில் உட்கார்ந்திருக்கும் 250 வாட் மோட்டார், 85 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. பின்னால் 12 கியர், 10 பல்லில் இருந்து 51 பல் வரை. மாணவர்களுக்கு அறிவியல் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. செயின் அறுந்த அன்று மீட்டரில் 3,240 கி.மீ.

புதுச் செயின் மட்டும் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கேசட்டை, அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதியை, துடைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 12, 14, 16 பல் சக்கரங்களில் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகி இருந்தன. பெரிய சக்கரங்கள் புதிது போலவே இருந்தன. செயின் தேய்மானம் பார்க்கும் அளவுகோலை வைத்தால் செயின் 0.75 சதவீதத்துக்கு மேல் நீண்டிருந்தது. 11, 12 கியர் செயின்களை 0.5 சதவீதத்திலேயே மாற்றிவிட வேண்டும். அதை விட்டால் நீண்டுபோன செயின் கேசட்டைத் தின்ன ஆரம்பிக்கும். பிறகு புதுச் செயின் போட்டாலும் தேய்ந்த பல்லில் நிற்காமல் வழுக்கும்.

காரணம் மோட்டார் இருக்கும் இடம். சக்கர ஹப்பில் மோட்டார் உள்ள சைக்கிளில் அதன் விசை நேராகச் சக்கரத்துக்குப் போகிறது, செயினுக்கு உங்கள் கால் பாரம் மட்டும்தான். கிராங்க் மோட்டாரில் கால் விசையும் மோட்டார் விசையும் சேர்ந்து அதே மெல்லிய செயின் வழியாகத்தான் போயாக வேண்டும். சின்னப் பல்சக்கரத்தில் சில பற்கள் மட்டுமே செயினைப் பிடித்திருப்பதால் அந்தப் பாரம் முழுவதையும் அவை தாங்குகின்றன. நான் வாரம் இரண்டு முறை ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம் வழியாகப் புதுச்சேரி போகிறவள். சமதளம், எதிர்க்காற்று, மோட்டார் உதவி, எப்போதும் அந்த மூன்று சின்னச் சக்கரங்கள். அவை தேய்ந்ததில் ஆச்சரியம் இல்லை. உங்களுடையது ஹப் மோட்டார் சைக்கிள் என்றால் நான் செய்த செலவு உங்களுக்குத் தேவையே இல்லை. நல்ல செயின், சாதாரணக் கேசட் போதும்.

அப்புறம் என்ன வாங்குவது என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இருந்த 12 கியரையே புதிதாகப் போடுவது சுலபமான வழி. ஆனால் எனக்குத் தேயும் மூன்று சக்கரங்களுக்காக விலை உயர்ந்த ஒரு முழுக் கேசட்டை ஒவ்வொரு முறையும் வாங்க மனம் வரவில்லை. ஸ்ராம் நிறுவனத்தின் டிரான்ஸ்மிஷன் என்ற கியர் வகை பற்றி நிறையப் படித்தேன். 2023-இல் வந்தது, பாரத்தோடு கியர் மாற்றுவதற்கென்றே வடிவமைத்தது. ஆனால் அது யூடிஎச் என்ற பொது ஹேங்கர் (கியர் மாற்றும் டீரெய்லரைத் தாங்கும் துண்டு) பொருந்தும் சைக்கிள் ஃபிரேமில்தான் ஏறும். என் ஃபிரேம் அதற்கு முந்தையது. மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸ் எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. 10 கியர், 11-48, சாதாரண 10 கியர் செயின். பணம் இன்னும் கொஞ்சம் இறுக்கமாக இருந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன்.

கடைசியில் எடுத்தது ஷிமானோ கியூஸ் யு6000, 11 கியர். கேசட் 11-50. இது லிங்க்கிளைடு என்ற வரிசையில் வருகிறது. 2021-இல் அந்த வரிசையையும் 2023-இல் கியூஸ் என்ற பெயரையும் ஷிமானோ கொண்டுவந்தது. பல்லின் அடிப்பகுதி தடிமனாக இருக்கும். தங்கள் வழக்கமான ஹைப்பர்கிளைடு கேசட்டைவிட மூன்று மடங்கு உழைக்கும் என்பது ஷிமானோ சொல்லும் கணக்கு. அந்த மூன்று மடங்கை நான் இன்னும் சோதித்து முடிக்கவில்லை. பழைய 12 கியர் சக்கரத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தடிமன் வித்தியாசம் விரலுக்குத் தெரிகிறது.

வாங்கப் போகிறவர்கள் இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். லிங்க்கிளைடில் கேசட்டை மட்டும் வாங்கி மாட்ட முடியாது. ஷிஃப்டர் (கைப்பிடியில் உள்ள கியர் லீவர்), டீரெய்லர், கேசட் மூன்றும் லிங்க்கிளைடாகவே இருக்க வேண்டும், பழைய ஹைப்பர்கிளைடு பொருட்களோடு கலந்தால் கியர் சரியாக விழாது. இது எனக்கு முன்பே தெரியும். தெரியாமல் மாட்டிக்கொண்டது ப்ரீஹப்பில், அதாவது பின்சக்கர ஹப்பில் கேசட் உட்காரும் உருளையில். 10 பல்லில் தொடங்கும் ஷிமானோ 12 கியர் கேசட் மைக்ரோ ஸ்ப்லைன் என்ற வரிப்பள்ளங்கள் உள்ள ப்ரீஹப்பில் உட்காரும். லிங்க்கிளைடு கேசட்டுக்கோ பழைய எச்ஜி வகை ப்ரீஹப் வேண்டும், நம் ஊர்ச் சாதாரண கியர் சைக்கிள்களில் பல வருடமாக இருக்கிற அதே வகை. பொருட்களை அனுப்பிய கடைக்காரரிடம் போனில் இரண்டு முறை கேட்டேன். "எல்லாம் பொருந்தும் மேடம்" என்றார். பார்சல் வந்து பிரித்துப் பார்த்தால் கேசட் ஹப்பில் இறங்கவே இல்லை. நல்லவேளையாக என் ஹப்பில் ப்ரீஹப்பைத் தனியாகக் கழற்றி வேறு வகை மாட்டலாம். இரும்பில் செய்த எச்ஜி ப்ரீஹப்பைப் பெங்களூரில் இருந்து வரவழைக்க இன்னும் பன்னிரண்டு நாள் ஆனது. அலுமினியத்தில் மலிவாகக் கிடைத்தது, வேண்டாம் என்றேன். மோட்டார் இழுக்கும் இழுப்பில் கேசட்டின் விளிம்பு அலுமினிய வரிகளைக் கடித்துக்கொள்ளும், பிறகு கேசட்டைக் கழற்றுவதே பெரும்பாடு.

முன்பக்கம் பெடலோடு சுற்றும் செயின் வீலையும் மாற்ற வேண்டி வந்தது. பழையது 34 பல், 12 கியர் செயினுக்கென்று வடிவமைத்த பல். 11 கியர் செயின் அதில் சரியாகப் பொருந்தாது. 32 பல் இரும்பு வீல் போட்டேன். கணக்கும் எனக்குச் சாதகமாகவே வந்தது. முன்பு மிக இலகுவான கியர் 34-க்கு 51, இப்போது 32-க்கு 50. ஏற்றத்தில் முன்னைவிடக் கொஞ்சம் சுலபம். வேகமான கியரில் 34-க்கு 10 என்பது 32-க்கு 11 ஆகக் குறைந்துவிட்டதே என்று சிலர் கேட்டார்கள். நம் நாட்டில் பதிவு இல்லாமல் ஓட்டும் மின்சார சைக்கிளில் மோட்டார் 25 கி.மீ. வேகத்தில் நின்றுவிடும். என் சக்கரத்துக்கு அந்த வேகத்தில் கடைசிக் கியரில் நிமிடத்துக்கு 60 சுற்றுக்குச் சற்று மேல் மிதித்தால் போதும். அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

எல்லாவற்றையும் மாட்டியது முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு சின்னக் கடையில். அங்கே இருக்கும் அண்ணன் மின்சார மலை சைக்கிள் அதிகம் பார்த்தவர் இல்லை, ஆனால் அவசரப்படாத மனிதர். கேசட்டைப் பிடித்திருக்கும் லாக்ரிங்கை, முறுக்குவிசை காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து 40 நியூட்டன் மீட்டரில் இறுக்கினார். செயின் நீளத்தைப் பழைய செயினை வைத்து அளக்காமல், பெரிய பல்சக்கரத்தையும் செயின் வீலையும் சுற்றிப் போட்டுப் பார்த்து வெட்டினார். டீரெய்லரைத் தொடுவதற்கு முன்பே ஹேங்கரைச் சோதித்தார். அது உள்பக்கம் வளைந்திருந்தது. "அக்கா, இதை நிமிர்த்தாம என்ன விலைக்கு கியர் போட்டாலும் உருப்படாது" என்று சொல்லி அளவு பார்த்து நிமிர்த்திக் கொடுத்தார். உள் கேபிளைத் துருப்பிடிக்காத இரும்பில் போடச் சொன்னதும் அவர்தான். கூலி 900 ரூபாய். அந்த வேலைக்கு அது குறைவு.

பொருட்களுக்கு ப்ரீஹப் உட்பட ஏறக்குறைய 22,000 ரூபாய் ஆனது.

ஓட்டிப் பார்த்ததில் முதலில் தெரிந்தது சத்தம் இல்லாமை. முன்பு மோட்டார் இழுத்துக்கொண்டிருக்கும்போது கியர் மாற்றினால் காலில் ஒரு அடி விழும். இப்போது செயின் ஒரு பல்லில் இருந்து அடுத்த பல்லுக்கு மெதுவாக நழுவிப் போகிறது. ஆனாலும் ஏற்றத்தில் கியர் மாற்றும் அந்த அரை நொடி காலைத் தளர்த்தும் பழக்கத்தை நான் விடவில்லை, நீங்களும் விடாதீர்கள். ஆரோவில் பக்கம் மழையில் அரிக்கப்பட்ட செம்மண் பள்ளங்களில் இறங்கி ஏறினேன், செயின் ஒருமுறைகூடக் கழலவில்லை. டீரெய்லரில் உள்ள கிளட்ச் செயினை ஆடவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது.

குறையும் உண்டு. கேசட் முன்னதைவிடக் கால் கிலோவுக்கு மேல் கனம். மோட்டார் உள்ள சைக்கிளில் ஏறும்போது அது தெரியவில்லை, மாடிப்படியில் தூக்கும்போது தெரிகிறது. பெரிய சக்கரங்களுக்கு இடையே தாவல் அதிகம். 36-க்கு அடுத்து 43, பிறகு 50. பேட்டரி தீர்ந்து வெறும் காலில் வீடு திரும்பிய ஒரு நாள், ஒரு கியர் மிக இலகு, அடுத்தது மிகப் பாரம் என்று திண்டாடினேன். மோட்டார் ஓடினால் அந்த இடைவெளியை அது நிரப்பிவிடுகிறது. மோட்டாரை அடிக்கடி அணைத்துவிட்டு ஓட்டுபவர் என்றால் 12 கியரிலேயே இருங்கள்.

செயின் பராமரிப்பில் நம் கடற்கரைக்கென்று தனிக் கவனம் வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்வந்து அப்படியே நிறுத்தினால் மறுநாளே இணைப்புகளில் பழுப்பு தெரியும். உப்பைத் துணியால் துடைத்து எடுத்துவிட்டுத்தான் எண்ணெய் விடுகிறேன். கோடையில் மெழுகு வகை, ஏனென்றால் கெட்டியான எண்ணெய் செம்மண் தூளை இழுத்து உப்புத்தாள் போல ஆக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் கெட்டி எண்ணெய். எண்ணெய் விட்ட பிறகு வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட மறப்பதில்லை.

இன்று மீட்டர் 4,790. புதுச் செட்டில் 1,550 கி.மீ. ஓடியிருக்கிறது. நேற்று இரவு அளவுகோலை வைத்தேன், அதன் 0.5 சதவீத முனை இன்னும் செயினுக்குள் இறங்கவில்லை. முன்பு செயினை அளக்கும் பழக்கமே எனக்கு இல்லை. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு அளந்து நோட்டில் எழுதுகிறேன். அடுத்த செயினாகத் துருவைத் தாங்கும் பூச்சு உள்ள கேஎம்சி இ11 ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன், முனை இறங்கிய அன்றே மாட்டிவிடலாம்.