287-ஆம் பக்கத்தில் முடியும் கதை: 'வியர்டு டேல்ஸ்' 1928 பிப்ரவரி இதழின் நகல் பதிப்பு

மலிவுத் தாளில் அச்சான கதை இதழ்களான அமெரிக்கப் பல்ப் இதழ்களைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அல்லர். நானும் அண்மைக்காலம் வரை அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். அவற்றில் வந்த கதைகளைத் தொகுப்பு நூல்களில் படித்திருக்கிறேன், அட்டைப் படங்களைத் திரையில் பார்த்து வியந்திருக்கிறேன். ஆனால் ஓர் இதழை முன்னட்டையில் தொடங்கிப் பின்னட்டை வரை ஒரு வரி விடாமல் படித்தது, 1928 பிப்ரவரி மாத 'வியர்டு டேல்ஸ்' இதழின் நகல் பதிப்பை வாங்கிய பிறகுதான். பழைய பிரதியைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, எழுத்துகளைப் புதிதாகக் கோக்காமல், விளம்பரமும் அச்சுப்பிழையும் உட்பட இருந்தது இருந்தபடியே அச்சிட்டுத் தரும் பதிப்பு இது. இத்தகைய பதிப்புகளைச் சில சிறு பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. நான் வாங்கியது அவற்றுள் ஒன்றிடம், பெயரைச் சொல்லப்போவதில்லை.

பொருளைப் பற்றிச் சொல்லுமுன், அது எதன் நகல் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஃபிராங்க் மன்சி என்ற பதிப்பாளர் 1882-இல் சிறுவர்களுக்கென்று தொடங்கிய வார இதழ் நாளடைவில் 'ஆர்கசி' என்று பெயர் சுருங்கி, 1896-இல் பெரியவர்களுக்கான, கதைகள் மட்டுமே கொண்ட, மலிவான மரக்கூழ்க் காகிதத்தில் அச்சான இதழாக மாறியது. 'பல்ப்' என்ற பெயரே அந்தக் கூழிலிருந்து வந்ததுதான். பத்து சென்ட் விலைக்குக் கிட்டத்தட்ட இருநூறு பக்கக் கதைகளைக் கொடுக்க அவர் கண்டுபிடித்த வழி மிக எளியது: காகிதத்தில் மிச்சம் பிடிப்பது, பக்கத்தில் தாராளமாக இருப்பது. அதன் பின் வந்த முப்பது ஆண்டுகளில் துப்பறியும் கதைக்கு ஓர் இதழ், மேற்கத்தியக் குதிரைவீரர் கதைக்கு ஓர் இதழ், காதல் கதைக்கு ஓர் இதழ், 1926-இல் ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' வழியாக அறிவியல் புனைகதைக்கும் ஓர் இதழ் என்று கடைப்பலகைகள் நிறைந்தன. அமானுஷ்யக் கதைகளுக்கென்று 1923 மார்ச்சில் தொடங்கப்பட்டதுதான் 'வியர்டு டேல்ஸ்'. ஓராண்டுக்குள் கடனில் மூழ்கி, 1924-இல் சில மாதங்கள் வெளிவராமலே கிடந்து, அந்த நவம்பரில் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் ஆசிரியப் பொறுப்பை ஏற்ற பிறகு எழுந்து நடந்த இதழ் அது.

நான் வாங்கிய இதழில்தான் திகில் கதை எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்டின், ஆழ்கடல் அரக்கன் ஒருவனைப் பற்றிய 'கதுலு' கதை முதன்முதலில் அச்சேறியது. இன்று அந்தப் பெயர் விளையாட்டுகளிலும் பொம்மைகளிலும் சட்டைகளிலும் தென்படுகிறது. ஆகவே இதழின் அட்டையைப் பார்க்கிற எவருக்கும் முதலில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. சி. சி. சென்ஃப் வரைந்த அந்த அட்டை, எலியட் ஓடானல் எழுதிய ஒரு பேய் மேசைக் கதைக்கு உரியது. ஆழ்கடலும் இல்லை, அரக்கனும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற திகில் கதைகளில் ஒன்று வெளியான மாதத்தில், ஆசிரியர் கடைக்காரருக்கு முன்னே நீட்டியது ஒரு மேசையைத்தான். ரைட் இந்தக் கதையை முதலில் திருப்பி அனுப்பினார் என்பதும், லவ்கிராஃப்டின் நண்பரான டொனால்ட் வாண்ட்ரே 1927-இல் சிகாகோவுக்குச் சென்றபோது இதைப் பற்றி எடுத்துப் பேசிய பிறகே ஏற்றுக்கொண்டார் என்பதும் பதிவான செய்திகள். அதை எத்தனையோ நூல்களின் முன்னுரைகளில் படித்திருந்தும், அந்த மேசை அட்டையை மடியில் வைத்துப் பார்த்தபோதுதான் ரைட்டின் தயக்கம் எனக்குப் புரிந்தது. அவர் எதிர்காலத்துக்காக இதழ் நடத்தவில்லை. அடுத்த மாதம் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்காக நடத்தினார்.

உள்ளே போனால் இன்னொரு விந்தை. பக்க எண் 1-இல் தொடங்கவில்லை. ஜனவரி இதழ் விட்ட இடத்தில், 145-இல் தொடங்குகிறது. ஆண்டு இதழ்களைச் சேர்த்துக் கட்டிவைக்கும் நூலகங்களின் வழக்கத்தை ஒட்டி, பழைய காகிதம் போல எறியப்படவிருந்த ஓர் இதழும் தொகுதிக் கணக்கில் எண்ணிட்டுக்கொண்டிருந்தது! லவ்கிராஃப்டின் கதை 159-ஆம் பக்கத்தில் தொடங்கி, பக்கத்துக்கு இரண்டு நெடுவரிசைகளாக 178 வரை ஓடி, அங்கே இடம் போதாமல் நின்று, மீதியைக் காண 287-ஆம் பக்கத்துக்குப் போகச் சொல்கிறது. மனிதகுலத்தின் அற்பநிலையைப் பற்றிய அந்தக் கதையின் கடைசி வரிகள், பின்னட்டைக்குச் சற்று முன்னால், இதழின் வால் பகுதியில் ஒதுங்கிக் கிடக்கின்றன. தொகுப்பு நூல்களில் அதே வரிகளுக்குக் கீழே கால் பக்கம் வெள்ளை இடம் விட்டிருப்பார்கள். படிக்கிறவர் மௌனமாக இருப்பதற்காக விட்டதுபோல் தோன்றும். 1928-இன் வாசகருக்கு அந்த மௌனம் கிடைக்கவில்லை. அவர் நூறு பக்கங்களைத் தள்ளித் தேடிப்போய், முடிவைப் படித்துவிட்டு, உடனே வேறெதையோ பார்த்திருப்பார். இந்த ஒரு தாவலுக்காகவே நகல் பதிப்புக்குக் கொடுத்த பணம் தகும் என்பேன்.

அந்தத் தாவலின் இடையில் இருக்கிற நூறு பக்கங்களில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. சீபரி க்வின் எழுதிய, ஜூல்ஸ் டி கிராண்டின் என்ற பிரெஞ்சுத் துப்பறிவாளர் வரும் கதை ஒன்று இருக்கிறது. அந்த இதழின் வாசகர்களுக்கு லவ்கிராஃப்டைவிட க்வினைத்தான் மிகவும் பிடித்திருந்தது என்பதை இன்று நம்புவது கடினம். இந்தக் கதையைப் படித்த பிறகும் எனக்கு அது கடினமாகவே இருக்கிறது. ஆயினும் ஒரு கைவினைஞனின் திறமை அதில் உண்டு. முதல் பத்தியிலேயே ஆளைக் கொண்டுவந்து நிறுத்தி, ஆபத்தைக் காட்டி, பக்கத்தைத் திருப்ப வைத்துவிடுகிறார். அப்போது இருபத்திரண்டு வயதே ஆன ராபர்ட் இ. ஹோவர்டின் பாம்புக் கனவுக் கதை ஒன்றும் இருக்கிறது. கோனன் என்ற வீரனை அவர் இதே இதழில் உலவவிட இன்னும் கிட்டத்தட்ட ஐந்தாண்டுகள் இருந்தன. மற்றவர்களின் பெயர்கள் எனக்கு எதையும் நினைவூட்டவில்லை. அவர்களில் இருவர் எழுதியதை முடிக்க முடியாமல் விட்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

தொகுப்பு நூல்கள் வென்றவர்களை மட்டும் நமக்குத் தருகின்றன; அதனால் பல்ப் இதழ் என்பதே மேதைகள் மாதந்தோறும் கூடிய மண்டபம் போலத் தோன்றிவிடுகிறது. உண்மையில் அது ஒரு பட்டறை. சொல்லுக்கு ஒரு சென்ட் என்ற கணக்கில், சில நேரம் அதற்கும் குறைவாக, எழுதித் தள்ளிக்கொண்டிருந்தவர்களின் பட்டறை. 1931 முதல் 1949 வரை வெளிவந்த 'தி ஷேடோ' இதழின் 325 நாவல்களில் 282-ஐ வால்ட்டர் கிப்சன் ஒருவரே எழுதினார். அட்டையில் இருந்ததோ மேக்ஸ்வெல் கிராண்ட் என்ற, பதிப்பகத்துக்குச் சொந்தமான புனைபெயர். அந்த வேகத்தில் தோல்வி சாதாரணம். வெற்றி விபத்துக்குச் சமம். முடிக்க முடியாமல் நான் விட்ட அந்த இரு கதைகள்தான், லவ்கிராஃப்டின் நீண்ட வாக்கியங்கள் அன்று எவ்வளவு விசித்திரமாகத் தெரிந்திருக்கும் என்பதை எனக்கு உணர்த்தின.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்காலத்தின் இனவெறி இந்தப் பக்கங்களில் மறைவின்றிக் கிடக்கிறது. லவ்கிராஃப்டின் கதையில் கலப்பினத்தவரையும் கடலோடிகளையும் பற்றிய வருணனைகளே அதற்குச் சான்று. நகல் பதிப்பு எதையும் வெட்டவில்லை, எதையும் விளக்கவுமில்லை. வெட்டாததை வரவேற்கிறேன். ஆனால் முன்னால் இரண்டு பக்கம் ஒதுக்கி, இதழின் பின்னணியையும் இந்தச் சிக்கலையும் பற்றி ஓர் அறிமுகம் எழுதியிருந்தால் பதிப்பாளர் ஒன்றும் குறைந்துபோயிருக்க மாட்டார்.

வாசகர் கடிதப் பகுதியான 'தி ஐரி' நான் எதிர்பார்த்ததைவிடச் சுவையானது. எந்தக் கதை பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று வாசகர்கள் எழுதியதை ஆசிரியர் கோத்துத் தருகிறார். 'வியர்டு டேல்ஸ்' பதிப்பாளர்கள் 1927-இல் வெளியிட்ட 'தி மூன் டெரர்' என்ற தொகுப்பு நூல் விற்காமல் தேங்கி, அதற்கான விளம்பரம் பல ஆண்டுகள் இதழில் வந்துகொண்டே இருந்தது என்று படித்திருக்கிறேன். விளம்பரப் பக்கங்களையும் விடாமல் பார்க்க வேண்டும் என்று தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி பொருளாக இதன் தரம். பழைய பல்ப் இதழ் ஏறத்தாழ ஏழு அங்குல அகலமும் பத்து அங்குல உயரமும் உடையது. அளவு இங்கே சரியாக இருக்கிறது. அட்டையின் நிறங்கள் ஓரளவு சிவப்பேறியிருந்தாலும் உறுத்தவில்லை. குறை காகிதத்தில் இருக்கிறது. தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் வந்த பதிப்பு ஆதலால், தாள் தடித்து, பளீரென்ற வெண்மையுடன், அலுவலக நகல் இயந்திரத்திலிருந்து வெளிவந்தது போல இருக்கிறது. மூல இதழின் தாளில், மரத்தின் இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் அப்படியே இருக்கும். காற்றும் ஒளியும் பட்டு அது பழுப்பேற, தாளில் ஊறிய அமிலம் இழைகளை அரித்து, நாளடைவில் விளிம்புகள் அப்பளம்போல் நொறுங்கத் தொடங்கும். அந்த நொறுங்கலை யாரும் நகலெடுத்துத் தர வேண்டியதில்லை. எனினும் மங்கிய வெண்மையுடைய, சற்று மெல்லிய தாளைத் தேர்ந்திருந்தால், சொரசொரப்பான தாளில் மை பரவிய அந்த எழுத்துகளுக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். இப்போது வெள்ளைத் தாளில் ஒவ்வொரு கறையும் புள்ளியும் குற்றம்போல் துருத்திக்கொண்டு நிற்கிறது.

கட்டும் ஒரு தொல்லை. மூல இதழ்களைப் பக்கவாட்டில் கம்பி ஊசி அடித்துக் கட்டியிருந்தார்கள். ஆகவே பிரிக்காமல் ஸ்கேன் செய்யும்போது உள் ஓரத்து எழுத்துகள் வளைந்துவிடும். எனக்கு வந்த பிரதியில் ஏறக்குறைய பத்துப் பக்கங்களில் அந்த வளைவு தெரிகிறது. இரண்டு பக்கங்களில் வரியின் முதல் எழுத்தே மடிப்புக்குள் போய்விட்டது. அதைப் பதிப்பகத்துக்கு எழுதித் தெரிவித்தேன். மூலப் பிரதியே அப்படித்தான் என்று ஒரு வரிப் பதில் வந்தது. மூலத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் வேறொரு பிரதியிலிருந்து அந்த இரண்டு பக்கங்களையாவது எடுத்துச் சேர்த்திருக்கலாம்.

இந்த இடத்தில், இதெல்லாம் எப்படிச் சாத்தியமானது என்பதையும் நினைத்துக்கொள்கிறேன். போர்க்காலக் காகிதத் தட்டுப்பாடு, 1939-க்குப் பின் பெருகிய பேப்பர்பேக் நூல்கள், படக்கதைகள், பிறகு தொலைக்காட்சி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து பல்ப் இதழ்களைச் சாய்த்தன. ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் நிறுவனம் தன் பல்ப் இதழ்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் 1949-இல் ஒரேயடியாக மூடியது. 'வியர்டு டேல்ஸ்' கடைசியில் சிறிய அளவுக்குச் சுருங்கி, 279 இதழ்களோடு 1954 செப்டம்பரில் நின்றது. அந்தப் பெயரைப் பிற்காலத்தில் பலர் பலமுறை உயிர்ப்பித்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் வந்தது புதிய இதழ், பழைய பெயர். கதைகளை உயிரோடு வைத்திருந்தவர்கள் வேறு: லவ்கிராஃப்டைக் கெட்டி அட்டை நூலாக்க 1939-இல் ஆர்க்கம் ஹவுஸைத் தொடங்கிய ஆகஸ்ட் டெர்லெத்தும் வாண்ட்ரேயும், 1964 முதல் 'டாக் சாவேஜ்' என்ற பல்ப் சாகச நாயகனின் நாவல்களைப் பேப்பர்பேக்கில் கொண்டுவந்த பான்டம் நிறுவனம், இவர்களுக்குப் பின்னால், நொறுங்கும் பிரதிகளைப் பெட்டிகளில் காத்துவந்து, பிறகு ஊதியமின்றி ஸ்கேன் செய்த சேகரிப்பாளர்கள். அமெரிக்கச் சட்டப்படி 1964-க்கு முன் வெளியானவற்றின் பதிப்புரிமையை இருபத்தெட்டாம் ஆண்டில் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதுப்பிக்க ஆளில்லாமல் எத்தனையோ பல்ப் கதைகள் பொதுவுடைமையாயின. 1928-இல் வெளியான படைப்புகளோ, புதுப்பித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், 2024 தொடக்கத்திலிருந்து யார் வேண்டுமானாலும் அச்சிடக்கூடியவை. அக்கறையின்மையும் சட்டத்தின் இடுக்கும் சேர்ந்து காப்பாற்றிக் கொடுத்த இலக்கியம் என்று இதைச் சொல்லலாம்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? லவ்கிராஃப்டை முதன்முதலாகப் படிக்க விரும்புகிறவருக்கு வேண்டாம். அவருக்கு நல்ல உரைக்குறிப்புகளோடு வந்த தொகுப்பே ஏற்றது, கண்ணுக்கும் இதம். ஏற்கெனவே அந்தக் கதையைப் படித்தவர், அது எந்தக் கூட்டத்தின் நடுவே நின்றது என்று அறிய விரும்பினால், ஒரே ஓர் இதழ் வாங்கினால் போதும். வாங்கும் முன் உட்பக்க மாதிரியைக் கேட்டு, உள் ஓரம் தெளிவாக இருக்கிறதா, பின்னட்டையின் இரு புறங்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது. முழு வரிசையையும் சேர்க்கும் ஆசை வந்தவருக்கு ஸ்கேன் கோப்புகளே வழி.

நான் இன்னும் ஒன்றே ஒன்று மட்டும் வாங்குவதாக இருக்கிறேன். அதே ஆண்டின் ஆகஸ்ட் இதழில், பதினேழு வயதுப் பையன் ஒருவன் எகிப்திய அரசி ஒருத்தியின் பழிவாங்கலைப் பற்றி எழுதிய கதை வந்திருக்கிறது. தாமஸ் லானியர் வில்லியம்ஸ் என்று கையெழுத்திட்ட அந்தப் பையன் பின்னாளில் டென்னசி வில்லியம்ஸ் என்ற நாடகாசிரியரானான். அந்தக் கதை எந்தப் பக்கத்தில் தொடங்கி, மீதிக்கு எங்கே தாவுகிறது என்று பார்க்க வேண்டும்.