செராமிக் கோட்டிங்கா, மெழுகா?

புது கார் எடுக்கும்போதே ஷோரூமில் "செராமிக் கோட்டிங் போட்டுடலாமா சார்?" என்று கேட்பார்கள். அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம்.

செராமிக் என்பது சிலிக்கா சார்ந்த திரவம். பெயின்ட்டின் மேலிருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டோடு ஒட்டி இறுகிவிடும். நல்லபடியாகப் போட்டுப் பராமரித்தால் இரண்டு மூன்று வருடம் தாங்கும். அழுக்கு சட்டென்று விடும். ஆனால் 9எச் கடினம் என்று பெருமையாகச் சொல்வது பென்சில் கீறல் சோதனையின் அளவுதான். சாவிக் கீறலையும், நெடுஞ்சாலையில் தெறிக்கும் ஜல்லியையும் அது தடுக்காது. அதற்கு பெயின்ட்டின் மேல் ஒட்டும் பிபிஎஃப் என்ற பிளாஸ்டிக் படலம்தான் வேண்டும், விலையும் எக்கச்சக்கம்.

அப்புறம் போர் தண்ணீர். சென்னையில் பல இடங்களில் அது உப்புத் தண்ணீர். கழுவி வெயிலில் காயவிட்டால், கோட்டிங்கின் மேல் முத்து முத்தாக நிற்கும் துளிகளே வெள்ளை வட்டங்களாகப் படிந்துவிடும். நிழலில் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் உடனே துடைத்தாக வேண்டும்.

பெயின்ட்டின் மேல் தேய்க்கும் கார் மெழுகு மலிவு, வீட்டிலேயே போடலாம். நம் வெயிலுக்கு ஓரிரு மாதம்தான் நிற்கும்.

வெட்டவெளியில் நிற்கும் புது கார், பல வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் செராமிக் போடுங்கள். சீக்கிரம் விற்கப்போகிற காருக்கு மெழுகே போதும். செராமிக் என்று முடிவானால், முதலில் பாலிஷ் செய்து பழைய கீறல்களை எடுப்பார்களா என்று கேளுங்கள். எடுக்காவிட்டால் அவை கோட்டிங்குக்கு அடியிலேயே தங்கிவிடும்.