அமெரிக்கப் படிப்புக்கு ஏஜென்டிடம் பணம் கட்டும் முன்

பிள்ளையை அமெரிக்காவில் முதுகலை படிக்க வைக்க நினைக்கும் சிங்கப்பூர்ப் பெற்றோர், இதைப் படித்துவிட்டு ஏஜென்டைப் பார்க்கப் போங்கள். 4,800 வெள்ளி கட்டிய பிறகு நான் தெரிந்துகொண்டவை இவை.

என் மகளுக்கு வரலாற்று ஆசிரியை ஆக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட மலாயாத் தோட்டத் தமிழர்களைப் பற்றி என் அப்பா அவளை உட்கார வைத்துச் சொல்வார். அப்போது பிடித்த பைத்தியம் அது. இங்கேயே வரலாற்றில் பட்டம் வாங்கினாள், ஓர் உயர்நிலைப் பள்ளியில் ரிலீஃப் டீச்சராகவும், அதாவது தற்காலிக மாற்று ஆசிரியையாகவும் இருந்தாள். கல்வி அமைச்சுக்கு விண்ணப்பித்ததில் முதல் முறை கிடைக்கவில்லை. வீடே சோர்ந்து கிடந்த அந்த நேரத்தில், தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஏஜென்ட் வந்து சேர்ந்தார்.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மாடியில் சின்ன அலுவலகம். மனிதர் நல்ல தமிழ் பேசினார், வடை வாங்கிவரச் சொன்னார். பத்து நிமிடத்தில் நான் அவருக்கு அக்கா ஆகிவிட்டேன்.

"அமெரிக்க மாஸ்டர்ஸ் இருந்தா அங்கேயும் டீச்சர், திரும்பி வந்தா இங்கேயும் டீச்சர். நம்ம பாப்பாவுக்கு நான் பொறுப்பு அக்கா."

மகள் தானாகத் தேடிப் பார்த்து ஒரு பட்டியல் வைத்திருந்தாள். தென்கிழக்காசிய வரலாற்றுக்குப் பேர்போன இடங்கள் என்று கார்னெல், விஸ்கான்சின் மேடிசன் இரண்டும் அதில் இருந்தன. "அந்தப் பக்கம் குளிர் தாங்காது அக்கா" என்று பட்டியலை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் கையேட்டை எடுத்து நீட்டினார். அவருக்குத் தொடர்பு இருந்த இடம் அதுதான் என்பது பிறகுதான் புரிந்தது.

முதலில் கட்டணக் கதை. அமெரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகங்கள் அந்தந்த மாநிலத்துக்குச் சொந்தமானவை. அங்கேயே குடியிருந்து வரி கட்டுகிறவர்களுக்கு ஒரு கட்டணம், வெளியாட்களுக்கு வேறு கட்டணம். வெளியாள் கட்டணம் பல இடங்களில் இரண்டு மடங்குக்கும் மேல். "முதல் வருஷம்தான் வெளிமாநிலக் கட்டணம், ஒரு வருஷம் அங்கே இருந்துட்டா உள்மாநிலக் கட்டணம்தான்" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவே அனுப்பினார். அது அமெரிக்கர்களில் சிலருக்கு நடக்கக்கூடியது. எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர் படித்துவிட்டுத் திரும்பப் போகிறவர் என்றே கணக்கு. அதனால் எத்தனை வருடம் தங்கினாலும் பெரும்பாலான இடங்களில் அவர் வெளியாள்தான். இது தெரியாமல், இரண்டாம் வருடத்துக்குப் பாதிப் பணம் போதும் என்று என் கணவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

படிப்பு முடிந்து மூன்று வருடம் அங்கே வேலை பார்க்கலாம் என்றும் ஏஜென்ட் சொன்னார். 12 மாதம்தான். அதற்கு மேல் 24 மாத நீட்டிப்பு அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கு. வரலாறு அதில் வராது.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஆசிரியர் உரிமம் விஷயத்தில் செய்ததைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அமெரிக்காவில் அரசுப் பள்ளியில் கற்பிக்க உரிமம் வேண்டும். அதை நாடு முழுவதற்கும் ஒன்றாகத் தருவதில்லை, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத் தருகிறது. பல மாநிலங்களில் வரலாற்றுக்கென்று தனி உரிமம்கூடக் கிடையாது. சோஷியல் ஸ்டடீஸ் என்ற பெயரில் குடிமையியல், புவியியல், பொருளியல் எல்லாம் சேர்ந்துதான் வரும். வழக்கமான வழி, அந்த மாநிலம் ஒப்புக்கொண்ட ஆசிரியர் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து, ஒரு பள்ளி வகுப்பில் மேற்பார்வையோடு கற்பித்துப் பழகி, தேர்வும் எழுதுவது. ஒரு மாநில உரிமத்தோடு இன்னொரு மாநிலத்துக்குப் போனால் கூடுதல் தேர்வோ பாடமோ கேட்கலாம். ஆகவே எங்கே கற்பிக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் பல்கலைக்கழகத்தைத் தேட வேண்டும். நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

எங்களுக்கு அவர் வாங்கிக் கொடுத்தது கல்வியியல் முதுகலை. பெயரைக் கேட்டால் ஆசிரியர் படிப்பு போலத்தானே இருக்கிறது? அனுமதிக் கடிதம் வந்து, 500 அமெரிக்க டாலர் முன்பணமும் கட்டிய பிறகு, மகள் பாடப் பட்டியலைப் பார்க்க உட்கார்ந்தாள். கற்பித்தல் பயிற்சி என்று ஒன்றுமே இல்லை. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: இந்தப் பட்டம் ஆசிரியர் உரிமத்துக்கு வழி செய்யாது.

போன் போட்டேன். "டிகிரி வேற, உரிமம் வேற அக்கா. நான் டிகிரின்னுதானே சொன்னேன்" என்றார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

சரி, திரும்பி வந்தால் இங்கே டீச்சர் என்றாரே, அதாவது உண்மையா? இங்கே கல்வி அமைச்சு முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. பிறகு அதுவே தேசிய கல்விக் கழகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறது, பயிற்சிக் காலத்தில் சம்பளமும் தருகிறது. வெளிநாட்டுப் பட்டத்தைக் காட்டி அந்த ஆள் தேர்வைத் தாண்டிப் போக முடியாது. அமைச்சிடமே கேட்டிருந்தால் காசில்லாமல் சொல்லியிருப்பார்கள். ஒருமுறை வேண்டாம் என்று சொன்ன இடத்தில் மறுபடி போய்க் கேட்க எங்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் அவர் பிழைக்கிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ஒப்பந்தத்தைக் காட்டினார். அதில் "சேர்க்கைக்கு உதவுதல்" என்று மட்டும் இருந்தது. சேர்க்கைதான் கிடைத்துவிட்டதே! பயனீட்டாளர் சங்கத்திடம் போய், அப்புறம் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றத்தில் மனு போட்டோம். 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கிடையாது. எங்கள் தொகைக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளிதான். ஆனால் கையில் இருந்த சாட்சி அந்தக் கட்டணக் குரல் பதிவு ஒன்றுதான். உரிமத்தைப் பற்றிய பேச்சையெல்லாம் நேரில் மட்டுமே பேசியிருக்கிறார், ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. கடைசியில் 2,000 வெள்ளிக்குச் சமரசம் ஆனது. முன்பணம் போனது போனதுதான்.

மகள் இப்போது மறுபடி ரிலீஃப் டீச்சராகப் போகிறாள், அமைச்சுக்கும் மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள். போன தீபாவளிக்கு ஏஜென்டிடமிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது. கீழே ஒரு வரி: "அக்கா, பாப்பாவோட தம்பி பாலிடெக்னிக் முடிக்கப் போறாராமே?"