ரேவன்ஹர்ஸ்ட் இரண்டாம் பாகம் என்று எனக்கு விற்கப்பட்ட ஒரு மணி நேரம்

மறைந்திருக்கும் பொருள்களைத் தேடிப் புதிர்களை விடுவிக்கும் கணினி விளையாட்டுகளில் ஆர்வம் உள்ளவர்கள், 'பழைய விளையாட்டுகள், முழுப் பதிப்பு' என்று சமூக ஊடகங்களில் வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்ற மாதம் நான் 349 ரூபாயை இழந்தேன். தொகை பெரியதன்று; ஏமாற்றிய விதம்தான் என்னை எழுத வைக்கிறது.

'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்' வரிசையில் 2006-இல் வெளிவந்த 'ரேவன்ஹர்ஸ்ட்' விளையாட்டைக் கல்லூரி நாள்களில் அக்காவும் நானும் ஒரே கணினியின் முன் நெருக்கியடித்து உட்கார்ந்து ஆடி முடித்தோம். தன்னை மணக்க மறுத்த எம்மா என்ற பெண்ணைச் சார்லஸ் டாலிமார் என்பவன் அடைத்துவைத்த இங்கிலாந்து மாளிகைதான் அதன் களம். 2008-இல் வந்த 'ரிட்டர்ன் டு ரேவன்ஹர்ஸ்ட்' நம்மை அதே வீட்டுக்குத் திரும்ப அழைத்துச் செல்கிறது; ரோஸ் என்ற பெண்ணும் அவருடைய இரட்டை மகள்களும் அவனிடம் சிக்கியிருந்த கதை அதில்தான் விரிகிறது. பட்டியலில் உள்ளவற்றைத் தேடி எடுப்பதோடு நில்லாமல், அறை அறையாக நாமே நடந்து, ஓரிடத்தில் கிடைத்த பொருளை வேறோரிடத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதால், அதை ஆடிவிட வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல ஆண்டுகளாக இருந்தது.

விளம்பரத்தைக் கண்டதும் விற்பனையாளர் கொடுத்த கைப்பேசி எண்ணுக்கு யுபிஐ வழியாகப் பணம் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் தரவிறக்க இணைப்பு வந்தது. விளையாட்டைத் திறந்தபோது 60 நிமிடங்கள் மீதமுள்ளதாக ஒரு பெட்டி காட்டியது. அங்கேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் பாகத்தில் நேரக் கெடு வைத்துத்தான் ஆட விடுவார்கள் என்பதால், இதுவும் அப்படி ஒரு கெடுவாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். (அக்கா பக்கத்தில் இருந்திருந்தால் அப்போதே கேட்டிருப்பார்.) மிகுந்த சிரமப்பட்டு ஒரு கதவுப் பூட்டின் புதிரைப் பாதி விடுவித்திருந்த வேளையில் திரை நின்று, சோதனை நேரம் முடிந்துவிட்டது, தொடர வேண்டுமானால் வாங்குங்கள் என்ற அறிவிப்பு வந்தது.

அந்த விளையாட்டை வெளியிட்ட பிக் ஃபிஷ் கேம்ஸ் நிறுவனம், வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் ஆடிப் பார்க்கும் வாய்ப்பை இலவசமாகக் கொடுத்துவந்தது. யாரும் காசின்றி எடுத்துக்கொள்ளக்கூடிய அந்தச் சோதனைக் கோப்பைத்தான் விற்பனையாளர் 349 ரூபாய்க்கு என் தலையில் கட்டியிருக்கிறார். கேட்டதற்கு, "ஆக்டிவேஷன் கீ தனி, இன்னும் 250 ரூபாய் அனுப்புங்கள்" என்றார். அதற்கும் மேலாக, வேறொரு கோப்பை அனுப்பி, கணினியின் வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு அதை இயக்கச் சொன்னார். வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் அதே கணினியில்தான் என்பதால் அந்தக் கோப்பைத் திறக்காமலே அழித்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்ட மறுநொடியே என் எண்ணை அவர் முடக்கிவிட்டார்.

இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைத்து, பரிவர்த்தனை எண்ணையும் உரையாடலின் திரைப்பிடிப்புகளையும் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் திரும்பவில்லை. நான் அழைத்தது இரண்டு நாள் கழித்து. உடனே அழைத்தால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், என்னைப் போல் தயங்காதீர்கள். இத்தகைய விளையாட்டை யார் விற்றாலும், முதல் முறை திறக்கும்போது மீதமுள்ள நிமிடங்களைச் சொல்லும் பெட்டி வருமா என்று பணம் கொடுக்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நேற்று அதே விளம்பரம் வேறொரு பெயரில் என் கண்ணில் பட்டது. மூடுபனி சூழ்ந்த வீட்டின் அதே படம், 'முழுப் பதிபு' என்ற அதே எழுத்துப் பிழை. விலை மட்டும் 299 ஆகக் குறைந்திருக்கிறது.