16 மணி நேரம், ஒரு சின்ன ஸ்க்ரீன், கிளைமாக்ஸ் பாக்கி

தங்கச்சிக்கு கொழந்த பொறந்திருக்குன்னு அம்மாவ கூட்டிக்கிட்டு மார்ச் கடைசில சான் ஃபிரான்சிஸ்கோ போனேன். மீனம்பாக்கத்துல விடிகாலை நாலு மணிக்கு ஃப்ளைட்டு, வளைகுடால எறங்கி வேற ப்ளேன் மாறணும், அந்த ரெண்டாவது ப்ளேன் மட்டும் கிட்டத்தட்ட 16 மணி நேரம். கம்பெனி பேரு வேணாம், சீட்டுக்கு முன்னாடி ஒரு டிவி வெச்சிருக்கான்ல, இந்த ரிவ்யூ அதுக்கு மட்டும்தான்.

மொதல்ல ஹெட்ஃபோன். ஒரு பாலிதீன் கவர்ல போட்டு குடுக்கறான், காதுல வெச்சா பஞ்சு பாதி பிஞ்சிருக்கு, சரி நம்மளோடத போடலாம்னு பாத்தா சீட்டு கைப்பிடில ரெண்டு ஓட்டை, நம்ம பின்னு ஒண்ணு. ஒண்ணுல மட்டும் சொருகினா பாதி சத்தம்தான் வரும், நான் இளையராஜா பாட்டு போட்டு பாத்தேன், வயலின் எல்லாம் வருது, பாடறவரு எங்கயோ பக்கத்து கம்பார்ட்மெண்ட்ல பாடற மாதிரி இருக்கு. இதுக்கு ரெண்டு பின்னு வெச்ச குட்டி அடாப்டர் ரிச்சி ஸ்ட்ரீட்ல கெடைக்கும், இட்லி வாங்கற காசுதான், போறதுக்கு முன்னாடி வாங்கி பைல போட்டுக்கோங்க. நான் வாங்கி வெச்சிருந்தேன், அது செக்-இன் பண்ண பெட்டிக்குள்ள பத்திரமா வந்துச்சு.

எஞ்சின் எரைச்சல் 80 டெசிபல் பக்கம் ஓடிட்டே இருக்கும், அதுக்கு மேல வசனம் கேக்கணும்னா வால்யூம ஏத்தித்தான் ஆகணும், ஏத்தி வெச்சிருக்கறப்ப பைலட் மைக்க புடிப்பாரு பாருங்க, காது கிழிஞ்சிரும். வெளி எரைச்சல அமுக்கற நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் வந்த கதையே இந்த கடுப்புலதான், 1978ல போஸ் ஸ்பீக்கர் கம்பெனி ஆரம்பிச்ச அமர் போஸ் (அப்பா வங்காளி, அமெரிக்கால செட்டில் ஆனவரு) சூரிச்லேர்ந்து பாஸ்டன் போற ஃப்ளைட்ல குடுத்த ஹெட்ஃபோன போட்டு பாட்டு கேக்க முடியாம, அங்கயே உக்காந்து கணக்கு போட ஆரம்பிச்சிட்டாராம். நமக்கு அவ்வளவு மூளை இல்ல, வால்யூம மட்டும் கொறைச்சேன்.

தமிழ்ப்படம் ஒம்போது இருந்துச்சு, அதுல நாலு ஏற்கனவே பாத்தது. அம்மாவுக்கு ஒண்ணு போட்டு குடுத்தேன், "நீயும் இதையே பாருடா, அப்பத்தான் புரியலன்னா கேக்கலாம்"னு சொன்னாங்க, சரின்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அமுத்தினோம், ஆனா அம்மா ஸ்க்ரீன் ரெண்டு செகண்டு முன்னாடி ஓடுது. அம்மா சிரிச்சதுக்கு அப்பறம் எனக்கு ஜோக் வருது. அம்மா "ஐயோ"ன்னு என் கைய புடிச்சதுக்கு அப்பறம் இங்க ஒருத்தன் குத்து வாங்கறான். கடைசில படத்த விட்டுட்டு அம்மா மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தேன், அது நல்லாத்தான் இருந்துச்சு.

ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கோங்க, ராத்திரி சண்டை, காடு, மழைன்னு இருட்டா எடுத்த படம் எதையும் இதுல பாக்காதீங்க. ஸ்க்ரீன்ல நம்ம மூஞ்சியும் பின்னாடி எரியற ரீடிங் லைட்டும்தான் தெரியும், அதுலயும் முன்சீட்டு ஆளு சீட்ட சாய்ச்சிட்டா ஸ்க்ரீன் மூக்குக்கிட்ட வந்துரும், அத நிமித்தி வெச்சாலும் கருப்பெல்லாம் சாம்பலாத்தான் தெரியுது. வடிவேலு இருக்கற மாதிரி வெளிச்சமான பழைய காமெடி படம்தான் இதுக்கு சரி, நடுவுல தூங்கி எழுந்தாலும் கதை எங்கயும் போயிருக்காது. எனக்கு பின்சீட்டு பையன் வேற டச் ஸ்க்ரீன்ல கேம் ஆடறேன்னு கேரம் காயின் அடிக்கற மாதிரி அடிச்சிட்டே வந்தான், ஒவ்வொரு அடியும் என் பின்மண்டைல. டிவிக்கு அஞ்சுக்கு ரெண்டரை.

அந்த அரை மார்க்கு மேப்புக்கு. அம்மா மீதி நேரம் பூரா அதத்தான் பாத்தாங்க. "அமெரிக்கா மேற்கால இருக்குன்ன, இவன் ஏன்டா வடக்கால போறான்"னு கேட்டாங்க, உருண்டைல நூல் புடிச்சு பாத்தா வட துருவத்து பக்கமா போறதுதான் கிட்டக்கன்னு, தட்டுல மிச்சம் இருந்த ஆரஞ்சு மேல ஹெட்ஃபோன் ஒயர வெச்சு காட்டினேன். வெளிய மைனஸ் 57 டிகிரின்னு வந்ததும் போர்வைய கழுத்து வரைக்கும் இழுத்துக்கிட்டு, "கீழ யாராச்சும் இருப்பாங்களாடா"ன்னாங்க.

கடைசில நான் தப்பு கணக்கு போட்டுட்டேன். எறங்க ரெண்டே கால் மணி நேரம் இருக்கு, படம் ரெண்டே மணி நேரம்தான், தாராளமா முடிஞ்சிரும்னு புதுசா ஒண்ணு போட்டேன். நடுவுல சாப்பாடு, குலுங்குது பெல்ட் போடுங்கன்னு அறிவிப்பு, மூணு மொழில அறிவிப்பு, ஒவ்வொண்ணுக்கும் படம் நின்னு நின்னு ஓடுது, வில்லன் யாருன்னு தெரியறதுக்கு பத்து நிமிஷம் முன்னாடி சக்கரம் தரைல பட்டுச்சு, ஹெட்ஃபோன வாங்கிட்டு போய்ட்டாங்க.

சரி, திரும்பி வரப்ப பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். மே மாசம் ஏறி உக்காந்து மொத வேலையா தேடினேன், லிஸ்ட்ட மாத்திட்டான். அம்மாகிட்ட கதைய சொல்லி யாரும்மா வில்லனா இருப்பான்னு கேட்டேன், "அந்த மாமனாருதான், பாத்தாலே தெரியுது"ன்னாங்க. படத்துல மாமனாரே கெடையாது.