இட விருப்பப் பெட்டி: கருவி நன்று, கூட வரும் அட்டவணை வேண்டாம்

கனடாவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் சுண்டெலிகளின் நடத்தை அறை என் பொறுப்பில் இருக்கிறது. கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளான டிஎச்சி மூளையில் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஒரு மருந்து கிடைத்த இடத்தை எலி விரும்புகிறதா, வெறுக்கிறதா என்று அளப்பதற்காக வாங்கிய மூன்று அறைப் பெட்டியைப் பற்றி, இதே வேலையைத் தொடங்கப்போகும் தமிழ் மாணவர்களுக்காக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்; இந்த வகைப் பெட்டிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்புதான்.

இரு பக்கமும் இரண்டு அறைகள், நடுவில் ஒரு சின்ன அறை. ஒரு பக்கம் கறுப்புச் சுவரும் கம்பித் தரையும், மறுபக்கம் கோடு போட்ட சுவரும் வலைத் தரையும். ஒருநாள் மருந்தை ஊசியில் போட்டு ஓர் அறையில் அடைப்போம். இன்னொரு நாள் மருந்தில்லாத கரைசலைப் போட்டு எதிர் அறையில். இப்படிச் சில சுற்றுகள் போன பிறகு, ஊசியே இல்லாமல் கதவுகளைத் திறந்துவிட்டு, எலி எங்கே அதிக நேரம் தங்குகிறது என்று அளப்போம். மருந்து பிடித்திருந்தால் அது கிடைத்த அறையைத் தேடிப் போகும். பிடிக்காவிட்டால் அந்தப் பக்கம் போவதைத் தவிர்க்கும்.

செய்நேர்த்தியில் குறை சொல்ல முடியாது. தரைத்தட்டு தனியாகக் கழன்று வருகிறது. முந்தைய எலியின் மூத்திர வாசனை மிச்சமிருந்தால் அடுத்த எலியின் தேர்வே மாறிவிடும் என்பதால் இது பெரிய விஷயம். கதவு சத்தமில்லாமல் நகர்கிறது. அறைக்கு அறை வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. எலிகள் இயல்பாகவே இருட்டை நாடுவதால், மருந்து தொடங்கும் முன்பே இரு பக்கத்தையும் சமன் செய்துகொள்ள இது உதவுகிறது. எலி இருக்கும் இடத்தைக் கண்டறியும் அகச்சிவப்புக் கதிர்கள் நெருக்கமாக இருப்பதால் சின்ன எலியும் தப்புவதில்லை.

என் கோபமெல்லாம், எந்த நாள் எந்த ஊசி, எவ்வளவு நேரம் என்று மென்பொருளில் ஏற்றித் தரும் ஆயத்த அட்டவணையின் மேல்தான். அது கோகெயினுக்காக எழுதப்பட்டது: குறுகிய அமர்வு, அடுத்தடுத்த நாட்கள், ஒரே மருந்தளவு. கோகெயினுக்குச் சரி. டிஎச்சி கொழுப்பில் கரைவது; மெதுவாக ஏறி உடம்பில் நீடிப்பது. அதைவிட முக்கியம், அளவு மாறினால் அதன் குணமே எதிர்ப்பக்கம் திரும்பிவிடும்.

இதற்கு 2000இல் வால்ஜெண்ட், மல்டொனாடோ என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட சுண்டெலி ஆய்வைப் படித்தே ஆக வேண்டும். வழக்கமான முறையில் கிலோ எடைக்கு 5 மில்லிகிராம் கொடுத்தபோது எலிகள் அந்த அறையை வெறுத்தன. 1 மில்லிகிராமில் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஆனால் பயிற்சிக்கு முந்தைய நாள் ஒரே ஒரு டிஎச்சி ஊசி போட்டுப் பழக்கியதும் 5 மில்லிகிராமின் வெறுப்பு மறைந்தது. 1 மில்லிகிராமுக்கு விருப்பமே தோன்றியது. அதாவது, முதல் அனுபவத்தின் கசப்புதான் பின்னால் வரும் இன்பத்தை மூடி மறைத்திருக்கிறது. சுண்டெலியைவிடப் பெரிய ஆய்வக எலிகளிலும் அளவும் அட்டவணையும் விளைவைப் புரட்டிப் போடுகின்றன: 1995இல் லெபோரே என்பவரின் ஆய்வுக் குழு ஊசிகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டியபோது, முன்பு விருப்பம் தந்த 2, 4 மில்லிகிராம் அளவுகள் வெறுப்பைத் தந்தன, முன்பு எதுவும் செய்யாத 1 மில்லிகிராம் விருப்பம் தந்தது.

காரணமும் ஓரளவு பிடிபட்டிருக்கிறது. 2002இல் வந்த மரபணு நீக்கிய எலிகளின் ஆய்வில், மியூ ஓபியாய்டு ஏற்பி (மார்பின் போன்றவை மூளையில் ஒட்டும் இடங்களில் ஒரு வகை) இல்லாத எலிகளில் டிஎச்சி மேல் விருப்பம் உண்டாகவில்லை. காப்பா என்ற இன்னொரு வகை ஓபியாய்டு ஏற்பி இல்லாதவற்றில் வெறுப்பு உண்டாகவில்லை. ஒரே மருந்து இரண்டு கதவுகளையும் தட்டுகிறது. எது முதலில் திறக்கும் என்பதை அளவும் முன்பழக்கமும் முடிவு செய்கின்றன.

ஆயத்த அட்டவணையை அப்படியே ஓட்டி, ஒரு பெரிய அளவை மட்டும் கொடுத்துவிட்டு, ‘கஞ்சா விலங்குகளுக்குப் பிடிப்பதில்லை’ என்று எழுதினால் அது அறிவியல் ஆகாது. ஆய்வு முடிவில் அந்த எலிகள் கொல்லப்படுகின்றன. பதில் தர முடியாத கேள்விக்காக அவை சாகக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இன்னொரு குறை: மென்பொருள் கடைசி நாளுக்கு ஒற்றை மதிப்பெண் போட்டுத் தருகிறது. பயிற்சி நாட்களின் நடமாட்டப் பதிவை நாமே அமைப்பில் போய் இயக்க வேண்டும். அதிக அளவு டிஎச்சியில் எலிகள் அசையாமல் விறைத்து நிற்கும், உடல் வெப்பம் இறங்கும். அப்படி நின்ற எலி அறையின் சுவரையும் தரையையும் எந்த அளவுக்கு மனத்தில் பதித்திருக்கும்? அந்தப் பதிவு இல்லாமல் மதிப்பெண்ணை நம்ப நான் தயாரில்லை.

வாங்குவோருக்குச் சில நடைமுறைச் செய்திகள். டிஎச்சி தண்ணீரில் கரையாது. எத்தனாலும், சோப்பு போல வேலை செய்யும் ஒரு பரப்பு இழுவிசை குறைப்பானும் சேர்த்துத்தான் சலைனில் (உப்புக் கரைசலில்) கலக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே கண்ணாடிக் குப்பி. ஒப்பீட்டு ஊசியிலும் அதே கலவை இருக்க வேண்டும், வெறும் சலைன் போதாது. கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து கஞ்சா சட்டபூர்வம் என்றாலும் இதுபோன்ற விலங்கு ஆய்வுக்கு ஹெல்த் கனடா என்ற அரசுச் சுகாதாரத் துறையின் உரிமம் தேவை. பெட்டிக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம். மென்பொருளில் புதிய அட்டவணை எழுத வசதி இருக்கிறது: பயிற்சிக்கு முந்தைய நாள் கூண்டிலேயே ஒரு பழக்க ஊசி, நீண்ட அமர்வு, குறைந்தது மூன்று அளவுகள். அதை எழுதி முடித்த பிறகே முதல் எலியை உள்ளே விடுங்கள்.